சுங்கை சிப்புட்டிலிருந்து ஆக்ஸ்ஃபர்டுக்கு: கதவு திறக்கும் நேரம் பார்த்துப் போங்கள்

ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்துக்கென்று தனியாக ஒரு வாசல் கிடையாது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு இருப்பது போல நுழைவாயில், பாதுகாவலர் சாவடி, உள்ளே சாலை என்று தேடினால் கிடைக்காது. மாணவர்கள் தங்கிப் படிக்கும் 40க்கும் மேற்பட்ட காலேஜுகளும் கூடங்களும் கடைத்தெருவோடு கலந்து ஊர் முழுக்க இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனிக் கதவு, தனி நேரம். காலையில் லண்டனிலிருந்து பஸ்ஸில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் மதிலைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மலேசியாவிலிருந்து 10,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய் அப்படித் திரும்பக் கூடாது. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள்.

எந்த மாதம்

பாடம் நடப்பது வருடத்தில் மூன்று தவணை, ஒவ்வொன்றும் எட்டு வாரம். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை ஒன்று, ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை ஒன்று, ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை ஒன்று. மே, ஜூன் தேர்வுக் காலத்தில் பல காலேஜுகள் வெளியாருக்குக் கதவைச் சாத்திவிடும், அல்லது நேரத்தைக் குறைத்துவிடும். அந்த நாட்களில் கறுப்பு அங்கியும் சட்டையில் பூவுமாக மாணவர்கள் ஹை ஸ்ட்ரீட்டில் ஓடுவார்கள். வெள்ளைப் பூ வைத்திருந்தால் முதல் தேர்வு, சிவப்பு வைத்திருந்தால் கடைசித் தேர்வு, இளஞ்சிவப்பு என்றால் இடையில்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்குச் செப்டம்பர்தான் நல்ல மாதம். மாணவர்கள் இன்னும் திரும்பியிருக்க மாட்டார்கள், கதவுகள் திறந்திருக்கும், குளிரும் தாங்கும். ஜூன் கடைசியில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், தோட்டங்கள் அதற்கு முன்பே மூடிவிடும். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள்தான் கையில் இருக்கும்.

மாணவர்கள் ஊருக்குப் போயிருக்கும் விடுமுறை வாரங்களில் காலேஜ் அறைகளையே வாடகைக்கு விடுகிறார்கள். அறை எளிமையாக இருக்கும், குளியலறை சில இடங்களில் பொது. ஆனால் பசியாறுவது பழைய உணவுக்கூடத்தில், நீண்ட மர மேசையில். ஹோட்டலில் தங்குவதைவிட இதுவே நல்லது, காலேஜின் உட்புறத்தைக் கூட்டம் வருவதற்கு முன்னால் பார்த்துவிடலாம். பசியாறும் நேரம் கறாரானது. ஒன்பது என்றால் ஒன்பதுக்கு மூடிவிடுவார்கள்.

இடிஏ, பெயர், கடப்பிதழ்

மலேசியர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் 2025 ஜனவரி 8 முதல் ‘இடிஏ’ எனும் மின்னியல் பயண அனுமதி கட்டாயம். கைக்குழந்தைக்கும் தனியாக ஒன்று எடுக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசின் இடிஏ செயலியை இறக்கிக் கடப்பிதழைப் படம் எடுத்து, அதன் சில்லைத் தொலைபேசியில் வைத்துப் படிக்கவிட்டு, முகத்தைப் படம் எடுத்தால் முடிந்தது. கட்டணம் 10 பவுண்டாக இருந்து 2025 ஏப்ரலில் 16 ஆனது. பிறகும் ஏறலாம் என்பதால் செயலி காட்டும் தொகையையே நம்புங்கள். அதைவிடப் பல மடங்கு கேட்கும் இணையதளங்கள் இடைத்தரகர்களுடையவை. பதில் பெரும்பாலும் அன்றைக்கே வந்துவிடும், ஆனாலும் மூன்று வேலை நாள் ஒதுக்குங்கள். அனுமதி இரண்டு ஆண்டு செல்லும். அதற்குள் கடப்பிதழைப் புதுப்பித்தால் பழைய இடிஏ செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும். கடப்பிதழ் முடிய ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு இடிஏ போடுங்கள்.

நம்மவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம், பெயரில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’. விமான நிறுவனங்களின் பக்கங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. சிலர் ஏ/எல்லை விட்டுவிட்டு அப்பா பெயரை மட்டும் போடுவார்கள், சிலர் சேர்த்து எழுதுவார்கள். டிக்கெட்டில் ஒரு பெயர், இடிஏயில் ஒரு பெயர் என்று ஆகிவிட்டால் விமான நிலையக் கவுண்டரில் நிற்க வேண்டிவரும். கடப்பிதழில் படம் உள்ள பக்கத்தின் அடியில், அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதல்லவா, அங்கே பெயர் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். இயந்திரம் படிப்பது அந்த வரிகளைத்தான்.

ஹீத்ரோவில் தானியங்கிக் கதவு மலேசியக் கடப்பிதழுக்குத் திறக்காது. அதிகாரியிடம் செல்லும் வரிசையில் நில்லுங்கள். எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். தங்குமிட முகவரியையும் திரும்பும் டிக்கெட்டையும் தாளில் அச்செடுத்து வைத்திருங்கள், தொலைபேசி மின்கலம் அந்த நேரம் பார்த்துத் தீர்ந்துபோகும்.

பெட்டியில் என்ன

பிளக் மாற்றி வாங்காதீர்கள். இங்கே நம் வீட்டில் உள்ள அதே மூன்று முனை பிளக்தான் அங்கேயும். உடைக்கு, கேமரன் மலையில் இரவில் போடும் சுவெட்டர் செப்டம்பருக்குப் போதும். அதன் மேல் காற்றும் மழையும் புகாத ஒரு சட்டை வேண்டும். குடை இரண்டாம் பட்சம்தான், காற்று மடக்கிவிடும். காலணி ரப்பர் அடி கொண்டதாக, ஏற்கெனவே போட்டுப் பழகியதாக இருக்கட்டும். ராட்கிளிஃப் சதுக்கமும் மெர்ட்டன் ஸ்ட்ரீட்டும் உருண்டைக் கல் பாவியவை. மழை பெய்தால் வழுக்கும், சக்கரப் பெட்டி அங்கே உருளாது.

வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரத் தடை. கோழி வறுவல், நெய், பால்கோவா, தயிர் எதுவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையைச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோக முடியாது. முறுக்கும் கடையில் உறையிட்டு விற்கும் மசாலாத் தூளும் பரவாயில்லை. கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, ஒரு காலிப் போத்தல் வைத்துக்கொள்ளுங்கள். அதே போத்தலைப் போல இன்னொன்று குடிக்கவும் வையுங்கள், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

போய்ச் சேர்வது

சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய விரைவு ரயிலில் அரை மணி. இரவு விமானம் என்றால் காலை ரயிலைப் பிடியுங்கள். தீபாவளி, சீனப் பெருநாள் வாரங்களில் இடிஎஸ் இடம் முன்னதாகவே தீர்ந்துவிடும். அப்போது ஈப்போவிலிருந்து நேராக விமான நிலையம் போகும் பஸ் கைகொடுக்கும்.

ஹீத்ரோவிலிருந்து லண்டனுக்குள் போக வேண்டியதே இல்லை. ‘தி ஏர்லைன்’ என்ற பஸ் ஹீத்ரோ மையப் பேருந்து நிலையத்திலிருந்தும் ஐந்தாம் முனையத்திலிருந்தும் ஆக்ஸ்ஃபர்டுக்கு ஓடுகிறது, பயணம் ஏறக்குறைய ஒன்றரை மணி. மலேசிய விமானம் நிற்பது நான்காம் முனையத்தில். அங்கிருந்து மையப் பேருந்து நிலையத்துக்கு ரயிலில் போக வேண்டும். முனையங்களுக்கிடையே ரயில் இலவசம். பஸ்ஸின் கடைசி நிறுத்தம் குளோஸ்டர் கிரீன், ஊரின் நடுவில். ஹை ஸ்ட்ரீட் பக்கம் தங்குகிறவர்கள் அதற்கு முன்பே இறங்கிவிடலாம். அதிகாலையில் இறங்கும் விமானத்தில் வந்தால் பத்து மணிக்குள் ஆக்ஸ்ஃபர்டில் இருப்பீர்கள். அறை பிற்பகலில்தான் கிடைக்கும். பெட்டியை முன்கூட்டியே விட்டுவைக்க அனுமதி கேட்டு எழுதிப்போடுங்கள்.

லண்டனிலிருந்து வருகிறவர்களுக்குப் பாடிங்டனில் இருந்து ரயில், ஒரு மணி நேரம். லண்டன் ரயிலில் தட்டும் வங்கிக் கார்டை இதற்கும் தட்டிவிட்டு ஏறாதீர்கள். அந்த வழியில் கார்டு செல்வது ரெடிங் வரைக்கும்தான். ஆக்ஸ்ஃபர்டுக்குத் தனி டிக்கெட் எடுக்காவிட்டால் அபராதம். விக்டோரியாவிலிருந்து ‘ஆக்ஸ்ஃபர்டு டியூப்’ பஸ் இரவு பகலாக ஓடுகிறது. மெதுவாகப் போகும், ஆனால் கடைசி நேரத்தில் எடுத்தாலும் ரயிலைவிட மலிவாக இருக்கும்.

அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்று கார் எடுக்க ஆசை வரும். வேண்டாம். ஊருக்குள் நிறுத்த இடமில்லை, சில தெருக்களுக்குள் நுழையவே கட்டணம் உண்டு, கேமரா படம் பிடித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக அபராதம் வீடு வந்து சேரும். ஊரின் நடுவிலுள்ள கார்ஃபாக்ஸ் முனையிலிருந்து எல்லாமே நடைதூரம். சாலையைத் தாண்டும்போது காருக்குப் பயப்படுவதைவிடச் சைக்கிளுக்குப் பயப்படுங்கள், சத்தமில்லாமல் வரும்.

காலேஜுகள்: மதியத்துக்கு மேல்

பல காலேஜுகள் பார்வையாளருக்குத் திறப்பது மதியம் ஒன்று, இரண்டு மணிக்குத்தான். அதனால் காலையில் நூலகம், அருங்காட்சியகம், சந்தை. மதியத்துக்கு மேல் காலேஜ். அன்றன்றைய நேரம் அந்தந்தக் காலேஜின் பக்கத்தில் இருக்கும், வாசலில் ஒரு பலகையிலும் எழுதியிருப்பார்கள். முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள், திருமணமோ கூட்டமோ இருந்தால் அன்று மூடல். வாசல் அறையில் இருப்பவர் ‘போர்ட்டர்’. காவல்காரர் என்று நினைத்து ஒதுங்காதீர்கள், அவரைவிட அந்த இடம் தெரிந்தவர் கிடையாது. வணக்கம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். புல்தரையில் மட்டும் கால் வைக்காதீர்கள், பெரும்பாலான காலேஜுகளில் விடமாட்டார்கள்.

எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு போதும். கிறைஸ்ட் சர்ச் பெரியது, கூட்டமும் அதிகம், டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுக்க வேண்டும். கிறிஸ்டோபர் ரென் கட்டிய டாம் கோபுரத்தடியில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். பார்வையாளர் வழி தெற்கே, நினைவுத் தோட்டத்தைக் கடந்து புல்வெளிப் பக்கம். பெரிய உணவுக்கூடம் மாணவர் சாப்பிடும் பகல் வேளையில் மூடியிருக்கும், அதைப் பார்க்காமல் நேரம் பதிவு செய்து ஏமாறுகிறவர்கள் பலர். ஒரே ஒரு காலேஜ்தான் முடியும் என்றால் 1458இல் தொடங்கிய மோட்லினுக்குப் போங்கள். எழுத்துக் கூட்டினால் ‘மக்டலென்’ என்று வரும், அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது. உள்ளே மான் கூட்டம் மேயும் வெளியும் ஆற்றோர நடைபாதையும் இருக்கின்றன, வயதானவர்கள் உட்கார்ந்து பார்க்க ஏற்ற இடம். 1379இல் தொடங்கிய நியூ காலேஜில் பழைய நகர மதில் அப்படியே நிற்கிறது. பெயர்தான் புதியது.

இரவு 9.05க்கு டாம் கோபுரத்தடியில் இருங்கள். உள்ளே இருக்கும் பெரிய மணி 101 தடவை அடிக்கும், கிறைஸ்ட் சர்ச்சின் ஆரம்ப கால மாணவர் எண்ணிக்கைக்கு ஓர் அடி வீதம். அந்த ஐந்து நிமிடம் ஏன் என்றால், ஆக்ஸ்ஃபர்டு கிரீனிச்சுக்கு மேற்கே இருப்பதால் அதன் சொந்தச் சூரிய நேரம் ஐந்து நிமிடம் பிந்தியது. ஊருக்கெல்லாம் ரயில்வே நேரம் வந்த பிறகும் இந்த மணி தன் பழைய ஒன்பதை விடவில்லை. இதற்கு டிக்கெட் கிடையாது.

போட்லியன்

1602இல் திறந்த இந்த நூலகத்தின் படிப்பறைகளுக்குள் சுற்றுலாப் பயணி தானாகப் போக முடியாது. வழிகாட்டியோடு போகும் சுற்றில்தான் பழைய டியூக் ஹம்ஃப்ரி நூலறையைப் பார்க்கலாம். அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி என்று சுற்றுகள் உண்டு. 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். குடும்பமாக வருகிறவர்கள் இரண்டாகப் பிரிந்து போங்கள். நூலகத்தில் சேரும் ஒவ்வொருவரும் தீயோ சுடரோ உள்ளே கொண்டுவர மாட்டேன் என்று உறுதிமொழி சொல்ல வேண்டும், இன்றும். எதிரே பிராட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் வெஸ்டன் நூலகக் கூடம் இலவசம், உட்கார இடமும் உண்டு. பக்கத்து வட்டக் கட்டடமான ராட்கிளிஃப் கேமராவுக்கும் புகைப்படத்துக்கும் சம்பந்தமில்லை, லத்தீனில் அந்தச் சொல்லுக்கு அறை என்று பொருள். அதை மேலிருந்து பார்க்க செயின்ட் மேரி தேவாலயக் கோபுரம் ஏறலாம். படி 100க்கு மேல், ஒடுக்கமான சுழல் படி. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருங்கள்.

போப் ஐயரைப் பார்க்கப் போகும் வழி

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு ஜி.யு. போப் பெயர் தெரியாமல் இருக்காது. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்து 1886இல் வெளியிட்டவர், பிறகு 1900இல் திருவாசகத்தை. அவர் ஆக்ஸ்ஃபர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார், அங்கேயே 1908இல் காலமானார். இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் அவர் வாழ்ந்த தடத்தை நடந்தே பார்க்கலாம்.

பிராட் ஸ்ட்ரீட்டின் கிழக்கு முனையில் நின்று நிமிர்ந்து பாருங்கள். ஒரு கட்டடத்தின் உச்சியில் காற்றுத்திசை காட்டியாக யானை நிற்கும். இந்தியவியல் படிப்புக்காக 1880களில் எழுப்பிய பழைய இந்தியன் இன்ஸ்டிட்யூட் அது. அங்கிருந்து மேற்கே நடந்தால் வலப்பக்கம் பேலியல் காலேஜ், போப் அங்கே ஆலய குருவாக இருந்தார். பிறகு பியூமாண்ட் ஸ்ட்ரீட்டில் அஷ்மோலியன் அருங்காட்சியகம், இலவசம், காலை 10 முதல் மாலை 5 வரை. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றிலிருந்து போன திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியை அந்த அருங்காட்சியகம் 1967இல் வாங்கியிருந்தது. அதைத் திருப்பித் தரப் பல்கலைக்கழகம் 2024இல் ஒப்புக்கொண்டது. தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

தெருக் கோடியில் வலப்பக்கம் திரும்பினால் வால்டன் ஸ்ட்ரீட். இடப்பக்கம் தூண்களோடு நிற்பது பல்கலைக்கழக அச்சகம். திருவாசகப் பதிப்பு வெளிவந்தது அதன் கிளாரண்டன் அச்சிலிருந்துதான். இன்னும் சற்று வடக்கே, வலப்பக்கம், ஒரு சின்னக் காவல் வீட்டின் வளைவு வழியாக உள்ளே போனால் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். கட்டடங்களுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் பலர் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கல்லறைகளின் பெயர்ப் பட்டியலும் வரைபடமும் அந்தத் தோட்டத்துக்கான இணையதளத்தில் இருக்கின்றன, முதலிலேயே தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். புல் ஈரமாக இருக்கும், பகல் வெளிச்சத்தில் போங்கள்.

கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று எழுதியிருப்பதாக மேடைக்கு மேடை சொல்லக் கேட்டிருப்போம். அந்த வரியைத் தேடாதீர்கள், கல்லில் அது இல்லை. இருப்பது வேறு: அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றும், அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அந்தக் கல்லை நட்டார்கள் என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. ஆங்கிலேயர் ஒருவரைக் கல்லிலேயே தென்னிந்தியர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மேடைக் கதையைவிட இது உயர்ந்தது என்பதே நம் எண்ணம். பூ வைக்கலாம். சூடமும் விளக்கும் வேண்டாம், உலர்ந்த புல் பற்றிக்கொள்ளும்.

படகு

‘பண்ட்’ என்பது தட்டை அடியுள்ள நீளப் படகு. துடுப்பால் ஓட்டுவதில்லை, ஆற்றுத் தரையைக் கோலால் ஊன்றித் தள்ளுவது. மோட்லின் பாலத்தடியில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு படகில் ஐந்து பேர். முன்பணமோ அடையாள அட்டையோ கேட்பார்கள்.

ஆக்ஸ்ஃபர்டில் தள்ளுகிறவர் நிற்பது படகின் உட்பக்கம், பின்முனையில் சரிவான இடத்தில். கேம்பிரிட்ஜில் பின் மேடை மேல் ஏறி நிற்பார்கள், அதைப் படத்தில் பார்த்துவிட்டு இங்கே ஏறாதீர்கள். கோலைப் படகுக்கு ஒட்டினாற்போல் நேர்குத்தாகத் தூக்கி, கையைத் தளர்த்தி விடுங்கள். அது தானாக இறங்கித் தரையைத் தொடுவது கையில் தெரியும். அதன் பிறகே தள்ள வேண்டும், கைமேல் கை வைத்துக் கோலின் மேல்நுனி வரை. எடுக்கும்முன் ஒரு திருகு திருகுங்கள், சேறு விட்டுவிடும். எடுத்த கோலை உடனே தூக்காமல் படகின் பின்னால் தண்ணீரில் மிதக்கவிட்டு, சுக்கான் போல அசையுங்கள். கோலை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கம் முன்முனை திரும்பும்.

விழுகிறவர்கள் விழுவது ஒரே காரணத்தால்: கோல் சேற்றில் மாட்டிக்கொள்ளும், படகு போய்க்கொண்டிருக்கும், இவர்கள் கோலை விடமாட்டார்கள். மாட்டினால் விட்டுவிடுங்கள். படகில் ஒரு சின்னத் துடுப்பு வைத்திருப்பார்கள், அதனால் பின்னோக்கி வந்து கோலை எடுத்துக்கொள்ளலாம். மரக்கிளை தாழ்ந்த இடத்தில் கோலைத் தூக்காதீர்கள். நீந்தத் தெரியாத பிள்ளைகளோடு போனால் மிதவைச் சட்டை கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் படகோட்டியோடு போங்கள், கூடுதல் காசு கொடுத்தாலும் தகும்.

சாப்பாடு, காசு

சோறு தேடுகிறவர்கள் மோட்லின் பாலம் தாண்டிக் கௌலி ரோட்டுக்குப் போங்கள். இந்தியச் சாப்பாட்டுக் கடையும் ஹலால் கடையும் அங்கேதான். பகலுக்கு, 1774இல் தொடங்கிய மூடுசந்தை. பேரங்காடிகளில் சாண்ட்விச், நொறுக்கு, பானம் மூன்றையும் சேர்த்து ஒரே விலைக்குத் தருவதுதான் மலிவான பகலுணவு. இரவு ஒன்பதுக்கு மேல் பல அடுப்படிகள் மூடிவிடும், மாமாக் கடை போல விடிய விடிய எதுவும் இருக்காது. ஞாயிறன்று பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம் என்பது அங்கே சட்டம். பில்லில் ‘சேவைக் கட்டணம்’ சேர்த்திருந்தால் அது கட்டாயமல்ல, வேண்டாமென்று சொல்லலாம். காசுத்தாள் சில கடைகளில் வாங்கவே மாட்டார்கள். வெளிநாட்டில் செல்லும்படி வங்கிக் கார்டைப் புறப்படும் முன் திறந்துவிடுங்கள், அங்கே போய் அழைத்தால் நம் வங்கிக்கு இரவாக இருக்கும். கோடையில் நேர வித்தியாசம் ஏழு மணி, குளிர்காலத்தில் எட்டு.

திரும்பும் நாளில் ஹீத்ரோ பஸ்ஸை விமான நேரத்துக்கு ஐந்து மணி முன்னதாகப் பிடியுங்கள். வெள்ளி மாலை நெடுஞ்சாலை நெரிசலில் ஒன்றரை மணிப் பயணம் இரண்டரை ஆகும், இறங்கியபின் நான்காம் முனையத்துக்கு ரயில் வேறு இருக்கிறது.